பூட்டு விழித்திருக்கிறதா?

முதலில் தேநீர் இடைவேளையைப் பறித்தார்கள். அடுத்து, கழிப்பறைக்குப் போன நேரத்துக்கும் சம்பளம் பிடித்தார்கள். கடைசியில், ஆலைக் கணினியிலிருந்த மிகைநேரக் கணக்கையே அழித்துவிட்டு, பழியை அதைப் பராமரித்துவந்த ஒப்பந்த ஊழியர் மரகதவல்லியின் தலையில் போட்டார்கள்.

விசாரணையில் மேலாளர் சிங்காரவேல் மேசையைத் தட்டினார். "அந்தக் கணக்குக் கோப்புக்குக் கணினியிலேயே கட்டாயப் பூட்டு போட்டிருக்கு, அனுமதி இல்லாதவங்களைத் தடுத்துடும். உன்னைத் தவிர யாரும் தொட முடியாது, நான்கூடத் தொட முடியாது. நாளையிலிருந்து உனக்கு வேலை இல்லை!"

"பூட்டு இப்போ வேலை செய்யுதா சார்? கணினியையே கேட்டுடலாமே."

விசாரணைக்கு வந்திருந்த தொழிற்சங்கத்து ஆட்கள் பார்க்க, மரகதவல்லி மேசையிலிருந்த கணினியில் ஒரு வரி தட்டினாள். 'தடுப்பு இல்லை, கண்காணிப்பு மட்டும்' என்று பதில் வந்தது.

மேலாளர் சிரித்தார். "சரி, தளர்த்தி வச்சிருக்காங்க போல. அப்போ ஊரே உள்ளே போயிருக்கலாம். யார் கண்டா?"

"பூட்டு கண்டுச்சு சார். தடுக்காதேன்னுதான் அதுக்குச் சொல்லியிருக்காங்க. பார்க்காதேன்னு யாரும் சொல்லலை."

தடுக்க வேண்டியவர்களை வாய்மூடி உட்காரவைப்பது அந்த ஆலைக்குப் புதிதல்ல. அவர்களுக்கும் கண் உண்டு என்பதைத்தான் முதலாளிகள் எப்போதும் மறந்துவிடுகிறார்கள்.

கணக்கு அழிந்த அன்று அனுமதியில்லாமல் உள்ளே நுழைந்தவரின் பெயரை, பூட்டு குறித்துவைத்திருந்த பதிவிலிருந்து மரகதவல்லி திரைக்குக் கொண்டுவந்தாள். சங்கச் செயலாளர் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்: "த. சிங்காரவேல், மேலாளர்."