முட்டு பிரிக்காத அறை

வில்வநாதன் டாக்டரின் செல்கள் மறுபடியும் செத்துப்போயின. எங்கள் ஆய்வகத்தில் அன்று யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தீக்காய வார்டில் அறுவை மருத்துவராக இருந்தவர். "தோல் செஞ்சு எடுத்துட்டு வரேன்" என்று நோயாளிகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, தன்னைவிடச் சின்னவரான தாட்சாயணி மேடத்திடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அதற்காக எடுத்த விடுப்பு மாதக் கடைசியோடு முடிகிறது. வெறுங்கையோடு அந்த வார்டுக்குள் எப்படிப் போவார்?

அவர் செய்வது தண்ணீரில் ஊறி நிற்கும் ஒரு ஜெல். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நானோ இழைகள். அவற்றைப் பிடித்துக்கொண்டு செல்கள் பரவித் தோலாக வேண்டும். ஒவ்வொரு தடவை செத்தபோதும் மனுஷன் இழையை இன்னும் நெருக்கினார், இன்னும் இறுக்கினார். சொன்னால் கேட்டால்தானே! ஒரே மேஜையில் அவரோடு மாரடிக்கிற எனக்குத்தான் தெரியும்.

மேடம் உள்ளே வந்ததும் டாக்டர் ஜெல்லை விரலால் அமுக்கிக் காட்டினார்.

"பாருங்க மேடம், கல்லு மாதிரி நிக்குது. செல் சுரக்குமே, அந்தக் கரைக்கிற நொதியை ஊத்தியும் கரையல. இதைவிடப் பலமா என்னதான் செய்யறது? ஏன் சாகுது?"

"சாகறப்ப செல் எப்படி இருந்துச்சு?"

"போட்ட இடத்துலயே உருண்டையா. ஒண்ணுகூட நகரல."

மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஐயோ டாக்டர்! இங்க இடம் பத்தலைன்னு தினம் புலம்புறீங்கல்ல? பக்கத்துல புது அறைக்கு மேல்தளம் போட்டாச்சு. மேஜையைத் தூக்கிட்டு அங்க போங்க. இப்பவே!"

நானும் அவரும் மேஜையைத் தூக்கிக்கொண்டு போனோம். வாசலிலேயே சிக்கிக்கொண்டது. தளத்துக்கு முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்புகள் அறை முழுக்க நெருக்கமாக நின்றன. டாக்டர் பக்கவாட்டில் நுழைந்து பார்த்தார். சட்டை கிழிந்ததுதான் மிச்சம்.

மேஜையை அங்கேயே போட்டுவிட்டு வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார்.

"என்ன விளையாட்டு மேடம் இது? தளம் காஞ்சு எவ்வளவு நாளாச்சு! ஒரு கம்பைக்கூடப் பிரிக்கல. கால் வைக்க இடமில்ல. அங்க மனுஷன் எப்படி இருப்பான்?"

"கம்பெல்லாம் பலமாத்தானே இருக்கு?"

"பலத்துக்கு என்ன குறைச்சல்? பிடிச்சு ஆட்டிப் பார்த்தேன், அசையவே இல்ல."

மேடம் அந்த ஜெல்லை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"அவ்வளவு பலமான இடத்தை விட்டுட்டு ஏன் டாக்டர் ஓடி வந்தீங்க?"