பின்னே போகாத வண்டி

பண்ணையார் குலசேகரனாரின் பழைய காரில் ரிவர்ஸ் கியர் விழவில்லை. பற்கள் தேய்ந்திருந்தன. கியர் பெட்டியைக் கழற்றிப் பழுதுபார்க்க அனுமதி கேட்டான் ஓட்டுநர் மாசிலாமணி.

“என் வண்டி எவனுக்காகவும் பின்னால போனதில்லடா. அந்தக் கியர் எதுக்கு? ஆனா வழியில எங்கயாவது வண்டி நின்னுச்சு, அன்னைக்கே கொட்டகையைக் காலி பண்ணிடு.”

மாசிலாமணிக்கு உற்றார் எவருமில்லை. கார்க் கொட்டகையின் மூலைதான் அவனுக்கு வீடு. பழுதோடேயே வண்டியை ஓட்டினான்.

ஒருநாள், பண்ணையாரை ஏற்றிச் செல்கையில், வாய்க்கால் கரையின் ஒற்றை வழியில் எதிரே ஒரு பாடை வந்தது.

“ஒதுங்கச் சொல்லுடா!”

“ஒதுங்கினா வாய்க்கால்தாங்க. எடுத்த பாடையைத் திருப்புற வழக்கமும் இல்லீங்களே.”

“அதுக்கு?”

“அவரும் பின்னால போகமாட்டாரு, நம்ம வண்டியும் போகாது. உசுரோட இருக்கிறவங்கதான் எறங்கித் தள்ளணும்.”

“நீ தள்ளு!”

“தள்ளுறேங்க. ஐயா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்குங்க.”

பண்ணையாருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பாடை தூக்கியவர்கள் பார்த்திருக்க, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வழி அகலமாகும் மதகடிவரை காரைப் பின்னோக்கித் தள்ளினார். மாசிலாமணி நியூட்ரலில் போட்டு, சாய்ந்து உட்கார்ந்தபடி ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தான். பாடை கடந்து சென்றது.

“நாளைக்கே அந்தப் பெட்டியைக் கழட்டு” என்றார் பண்ணையார், மூச்சிரைக்க.

“கொட்டகைங்க?”

“அங்கேயே கிட. ஆனா நான் தள்ளினதை யார்கிட்டயும் சொல்லிடாதே.”

மாசிலாமணி அவருக்காகப் பின்கதவைத் திறந்துவிட்டான்.

“சொல்றதுக்கு எனக்கு யாருங்க இருக்கா?”