செவல்கேணியில் பின்வாங்கிய எஞ்சின்

மாடும் மரமும் போல இரும்பும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கரிசல் காட்டு நடுவே செவல்கேணி என்று முப்பது வீட்டு ஊர் ஒன்று இருந்தது. சுற்றிலும் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். இங்கே மட்டும் ஒரு துண்டுச் செம்மண், அதில் ஒரு கிணறு, அதில் பாலைப்போல் தண்ணீர்.

அந்தக் கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைத்தவள் ஆவுடை. அவளுடைய மாடுகள் மயிலை, சுட்டி. கமலை மாட்டுக்கு இரண்டே நடைதான். கிணற்றை விட்டுச் சரிவில் இறங்கினால், வடக்கயிற்றில் கட்டிய கூனைச் சால் தண்ணீர் நிறைந்து மேலே வரும். பின்னாலேயே ஏறினால் வெறும் கூனை உள்ளே போகும். பின்னால் ஏறும் மாட்டுக்குக் கிணறு தெரியாது. ஆவுடையின் குரலை நம்பித்தான் காலை வைக்கும். அந்த நேரத்தில் எதிரே ஏதாவது திடுமென்று வந்து நின்றால் மிரண்டு இன்னும் இரண்டு எட்டுப் பின்னால் வைக்கும். அப்புறம் மாடு இல்லை.

அதனால் ஊரில் ஒரு வழக்கம். கிணற்றுக்கு எதிரே உடைமர வேலி. யார் வந்தாலும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று 'கூ' என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். ஆவுடை மாட்டை நிறுத்திவிட்டு "வரலாம்" என்பாள். பிறகுதான் வேலியைத் தாண்டலாம். ஊர்ப்பெரியவரான மணியக்காரர் சங்கிலியும் கூவினார். ஒருநாள் அவரைத் துரத்தி வந்த வெறிநாய்கூட வேலியோரம் நின்று கூவிவிட்டுத்தான் மேற்கொண்டு துரத்தியது என்பார்கள்.

அப்போதுதான் ரயில் பாதை போட்டார்கள். உப்புத் தண்ணீர் குடித்துக் குடித்து எஞ்சினுக்கு வயிற்றில் பொருக்குக் கட்டிவிட்டது. செவல்கேணித் தண்ணீரை ஒரு வாய் ருசி பார்த்த ரயில்காரர்கள், கிணற்றுக்குப் பக்கத்தில் தொட்டி கட்டி, வேலியை வெட்டி வழிவிட்டுத் தண்டவாளம் போட்டார்கள். எஞ்சின் வந்து வயிறாரக் குடித்தால் இங்கே ஸ்டேஷன். இல்லையென்றால் பத்து மைல் தள்ளிக் கட்டையன்பட்டியில். அங்கேயும் ஒரு கிணறு சுமாராக இருந்தது.

எஞ்சின் வரும் நாளில் ஊரே வாய்க்கால் கரையில் கூடியது. வேலியோரம் கூவ வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை யார் யாருக்குச் சொல்வது?

எஞ்சின் மேட்டிலிருந்து ஆவியை அடக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் வழுக்கி வந்தது. வேலியைத் தாண்டி, சரிவுக்கு நேர் எதிரே நின்று, புஸ்ஸென்று மூச்சு விட்டது.

மாடுகள் அப்போது பின்னால் ஏறிக்கொண்டிருந்தன. மிரண்ட மயிலையின் பின்னங்கால் கிணற்று விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் இறங்கியது. ஆவுடை வடக்கயிற்றை விட்டுவிட்டுப் பாய்ந்து, அதன் தொடைக்குக் கீழே தோளைக் கொடுத்தாள்.

"சுட்டி, இழு. என்னைப் பாக்காத, முன்னால பாத்து இழு."

சுட்டி முழங்காலை மண்ணில் ஊன்றி இழுத்தது. மயிலை மேலே வந்து விழுந்தது. கால் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. ஆவுடை முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள்.

"தண்ணி," என்றது எஞ்சின்.

ஆவுடை முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். "திரும்பிப் போ. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு ஒரு குரல் குடு. நான் வரலாம்னு சொன்னதும் வா."

எஞ்சின் சிரித்தது. கரி பறந்தது. "நான் யார்னு தெரியுமா, மாட்டுக்காரி? மலையைக் குடைஞ்சு வந்தவன். நான் பின்னால போற ஜாதி இல்ல."

படுத்திருந்த மயிலை தலையைத் தூக்கியது. "நாங்க பொழுதன்னிக்கும் பின்னாலதான் போறோம். எங்களுக்கு என்ன கொறஞ்சுபோச்சு?"

கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மணியக்காரர் சிரிக்கவில்லை. ஆவுடையின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏ தாயி, ஸ்டேஷன் கட்டையன்பட்டிக்குப் போயிரும். ஊருக்கு இன்னொரு தரம் இப்படி வாய்க்காது. இந்த ஒரு நாளைக்கு விட்டுக்குடு."

"இன்னைக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கும் இப்படித்தான வரும், அண்ணாச்சி? தெனம் ஒரு மாட்டுக்கு நான் எங்க போவேன்? நாளைக்கு இதுக்குப் பின்னால நூறு பேரு இறங்குவான். அவனும் இப்படித்தான் வருவான்."

எஞ்சின் ஓட்டி வந்த சவரிமுத்து தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியைப் பார்த்துவிட்டு முகத்தைத் துடைத்தார். "ரெண்டு விரக்கடைத் தண்ணிதான் இருக்கு. ஒண்ணு பின்னால போலாம், இல்ல கட்டையன்பட்டி நோக்கிப் போயி வழியில வெடிக்கலாம்."

"மணியக்காரரே, ஊருக்குப் பெரியவர் நீர்தானே? வேறு மாட்டைப் பூட்டச் சொல்லும்," என்றது எஞ்சின். அதன் வயிற்றில் ஏதோ நெளிந்து முனகியது.

ஊர் முழுக்க அவரைப் பார்த்தது. சங்கிலி தோள் துண்டை எடுத்து உதறி, மறுபடி அதே தோளில் போட்டார். ஸ்டேஷனைக் கனவு கண்டவர் அவர்தான். கடைத்தெரு எங்கே வரும், பள்ளிக்கூடம் எங்கே வரும் என்று கரிசல் மண்ணில் குச்சியால் கோடு போட்டு வைத்திருந்தார்.

"எங்கப்பா செத்துட்டாருன்னு சேதி சொல்ல வந்தானே ஒருத்தன், அவனும் அந்த வேலிக்கு அங்கிட்டு நின்னு கூவிட்டுத்தான் வந்தான். கெணத்தடியில இருந்த நானும், அவ அவனை வரலாம்னு சொல்றவரைக்கும் அழுகாம நின்னேன். உமக்கு மட்டும் என்னங்காணும் அவ்வளவு அவசரம்?" என்றார் மணியக்காரர்.

பிறகு ஆவுடைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். ஒவ்வொருவராக ஊரும் அங்கே போய் நின்றது.

எஞ்சின் அவர்களைப் பார்த்தது. கட்டையன்பட்டிப் பக்கம் பார்த்தது. சக்கரம் ஒருமுறை வழுக்கியது. பிறகு மெல்ல, கிரீச்சிட்டு, பின்னால் போனது. வேலியைத் தாண்டி நின்றது.

ஆனால் அதற்குக் கூவத் தெரியாது. அதட்டத் தெரியும், ஏசத் தெரியும். இரண்டு தரம் முயன்று பார்த்துச் சீறியது. பிறகு மிச்சமிருந்த ஆவியையும், பிறந்தது முதல் சேர்த்து வைத்திருந்த பேச்சு முழுவதையும் ஒன்றாகத் திரட்டி வானத்தைப் பார்த்துக் கூவியது. கட்டையன்பட்டிவரை கேட்டது. கரிசல் காட்டில் மேய்ந்த ஆடுகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின.

ஆவுடை சுட்டியின் கழுத்தில் கையை வைத்து நிறுத்திக்கொண்டாள்.

"வரலாம்," என்றாள்.

எஞ்சின் வந்தது. மயிலைக்குப் பதிலாக மணியக்காரர் நுகத்தடியில் தோள் கொடுத்தார். அன்று நாற்பது கூனை இறைத்தார்கள். எஞ்சின் குடித்து முடித்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. புகைதான் வந்தது. பேச்சு அந்தக் கூவலோடு போய்விட்டிருந்தது.

ஸ்டேஷன் வந்தது. குச்சியால் போட்ட கோட்டின் மேலேயே கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் வந்தன. பருத்தி மூட்டைகள் ஏறின, பல ஊர்ச் சனம் இறங்கியது. முப்பது வீடு மூவாயிரம் ஆனது. இறங்கிய எவரும் அந்த ஊரில் யார் வாசலிலும் குரல் கொடுக்காமல் கால் வைத்ததில்லை.

இப்போதைய எஞ்சின்கள் தண்ணீர் குடிப்பதில்லை. செவல்கேணியில் பாதி ரயில் நிற்பதுகூட இல்லை. ஆனாலும் எவ்வளவு பெரிய ரயிலானாலும் ஓர் ஊருக்குள் நுழையுமுன் வெளியிலிருந்தே குரல் கொடுத்துவிட்டு வருகிறதே, அந்த மரியாதையை அது படித்துக்கொண்டது ஆவுடை அதைத் திருப்பி அனுப்பிய அந்த நாள் முதல்தான்.