மகாராஜாவின் மீசையும் சீனக் குடைக்காரர் சம்சாரமும்

சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இருந்தால் எனக்கு மிச்சமிருக்கிற மூன்று பல்லும் இந்த நிமிஷமே கொட்டிப் போகட்டும்.

கடலோரத்தில் பவழங்குடி என்று ஒரு ராஜ்யம் இருந்தது. தேசப்படத்தில் தேடாதீர்கள், உப்புக்காற்று அரித்துவிட்டது. அதை ஆண்டவர் பூபாலசேகரர். அவருடைய வீரத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. மீசையைப் பற்றித் தெரியும். பக்கத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் நிறுத்தலாம். அந்த மீசையைப் படத்தில் பார்த்துத்தான் சாவகத்து இளவரசி கல்யாணத்துக்குச் சம்மதித்திருந்தாள். தை மாதத்தில் முகூர்த்தம்.

மகாராஜாவுக்குப் பால் கொடுத்து வளர்த்தவள் காத்தாயி. அதற்காக மாதம் இரண்டு கலம் நெல், ஆயுசுக்கும், என்று பழைய மகாராஜா எழுதி வைத்திருந்தார். பதினைந்து வருஷம் விதவையாக இருந்துவிட்டு, ஐம்பத்திரண்டாவது வயதில் அவள் துறைமுகத்தில் குடை செய்கிற லின் வூ என்ற சீனரைக் கட்டிக்கொண்டாள். அந்த மனுஷர் பவழங்குடிக்கு வந்தே முப்பது வருஷம். சீனத்துக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. கத்தரிக்காய் பேரம் பேசும் தமிழ் மட்டும் நம்மைவிடச் சுத்தம்.

அரண்மனை ஓலைகளுக்கெல்லாம் அதிகாரி திருவேங்கடத்தார். ஓலைநாயகம் என்று பட்டம். எலி கடித்த ஓலை ஒன்றிலிருந்து அவர் ஒரு சட்டத்தைத் தோண்டி எடுத்தார். வெளிதேசத்தவனைக் கட்டியவள் அவன் தேசத்தவள், அவன் பெயரே அவள் பெயர், பழைய பெயர் ஒழிந்தது. மானிய ஓலையில் காத்தாயி என்ற பெயரை அடித்தார். ‘லின் வூ சம்சாரம்’ என்று எழுதினார். மகாராஜா முத்திரை வைத்தார். எதைக் கொண்டு போனாலும் வைப்பார். வாசித்தால் அவருக்குக் கண் வலிக்கும்.

சரி, புதுப் பெயரிலேயே நெல்லை அளந்து போடுங்கள் என்றாள் அவள். நெல் காத்தாயி பெயரில் இருக்கிறதே என்றார் ஓலைநாயகம். காத்தாயி நான்தானே என்றாள். நீதான் லின் வூ சம்சாரமாயிற்றே என்றார். இப்படியே மூன்று மாதம் ஓடியது.

மானியக்காரர்கள் தை முதல் வெள்ளியன்று நேரில் வந்து நின்று, உயிரோடிருப்பதைக் காட்ட வேண்டும். அவளும் போய் நின்றாள். ஓலைநாயகம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ‘காத்தாயி உயிரோடு இல்லை’ என்று எழுதினார். துறைமுகத்தில் தொழில் செய்கிறவர்களைத் தவிர வெளிதேசத்தாருக்கு இங்கே தங்க அனுமதி மூன்று மாதம்தான், நாளைக் கப்பலுக்குக் கிளம்பு என்று உபசாரமும் சொன்னார்.

அரண்மனையில் ஏகப்பன் என்று ஒருவர் இருந்தார். மகாராஜாவைச் சிரிக்க வைப்பது அவர் உத்தியோகம். மந்திரிகள் அதைத் தெரியாமலே செய்து வந்தார்கள். காத்தாயி அவரிடம் போனாள்.

“நான் பால் கொடுத்த பிள்ளை ஆளுற ஊர்ல எனக்கு நிக்க இடமில்லையா, ஏகப்பா?”

ஓலையில் செத்ததாகவே எழுதிவிட்டானா என்று கேட்டார் ஏகப்பன். ஆமாம் என்றாள். “அப்ப கவலையை விடு ஆத்தா. உன் காரியத்தை நான் பாத்துக்கறேன்” என்றார்.

மறுநாள், முகூர்த்தத்துக்கு நாலே நாள் இருக்கையில், சபை கூடியதும் வாசலில் சங்கு ஊதியது. சேகண்டி அடித்தது. ஏகப்பன் ஈர வேட்டியோடு உள்ளே வந்தார். பின்னாலேயே அரண்மனை நாவிதர், கையில் சவரக் கத்தி.

யார் செத்தது என்றார் மகாராஜா.

“தங்களுக்குப் பால் கொடுத்த காத்தாயி, மகாராஜா. ஓலைநாயகம் எழுதியிருக்கிறார். தங்கள் முத்திரையும் இருக்கிறது.”

மகாராஜா நிஜமாகவே அழுதார். ஏகப்பன் அழ விட்டார். பிறகு வழக்கத்தை எடுத்துச் சொன்னார். பவழங்குடியில் பால் கொடுத்தவள் தாய். தாய் போனால் மகன் தலையும் மீசையும் மழிக்க வேண்டும். ஒரு வருஷத்துக்குக் கல்யாணம் கிடையாது. நாவிதர் கிண்ணியில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டார்.

மகாராஜாவின் அழுகை அப்படியே நின்றது. இரண்டு கையும் மீசைக்குப் போயின.

ஓலைநாயகம் பதறிக்கொண்டு எழுந்தார். அந்த அம்மாள் சாகவில்லை, காலையில்கூடக் கத்தரிக்காய் வாங்கினாள் என்றார். அப்படியானால் நெல்லைக் கொடுத்துவிடுங்கள் என்றார் ஏகப்பன். அது முடியாது, கத்தரிக்காய் வாங்கியது லின் வூ சம்சாரம், காத்தாயி இல்லை என்றார் ஓலைநாயகம்.

“கேட்டீர்களா மகாராஜா, காத்தாயி இல்லையாம். தலையைக் குனியுங்கள்.”

“ஓய் ஓலைநாயகம்” என்றார் மகாராஜா, மீசையை விடாமலே. “என் தாய் இருக்கிறாளா, இல்லையா? ஒரே சொல்லில் சொல்லும்.”

ஓலைநாயகம் ஓலையைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். மகாராஜாவின் முகத்தைப் பார்த்தார்.

“இருக்கிறாள்.”

எலி கடித்த ஓலை அப்போதே அடுப்புக்குப் போனது. காத்தாயி எந்தப் பெயர் வைத்துக்கொண்டாலும், யாரைக் கட்டிக்கொண்டாலும் பவழங்குடிக்காரிதான், நெல்லும் அவளுக்குத்தான் என்று உத்தரவானது. மகாராஜா சிரித்த சிரிப்பில் மீசை இரண்டு விரற்கடை உயர்ந்தது. கழுத்து முத்துமாலை ஏகப்பன் கழுத்துக்குப் போனது.

நாவிதர் மட்டும் நகரவில்லை. சபைக்குள் வந்த கத்தி வேலை செய்யாமல் திரும்பினால் அரண்மனைக்கு ஆகாது என்றார். அதுவும் அந்த ஊர் வழக்கம்தான். மகாராஜா யோசிக்கவே இல்லை, ஓலைநாயகத்தைக் காட்டினார்.

மறுநாள் காலை, மழமழவென்ற தலையும் முகமுமாக ஓலைநாயகம் கச்சேரிக்கு வந்தார். வாசல் காவலன் விடவில்லை. ஓலைநாயகத்துக்கு மீசை உண்டு, குடுமி உண்டு, நீர் யார் என்றான். நான்தான் அது என்றார். அதற்குச் சாட்சி வேண்டும் என்றான். சட்டத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

அந்த நேரம் பார்த்து, சிவப்புச் சீனக் குடை பிடித்துக்கொண்டு காத்தாயி நெல் வாங்க வந்தாள். இவரை உனக்குத் தெரியுமா ஆத்தா என்றான் காவலன். அவள் குடையைச் சாய்த்து, மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தாள்.

“பாத்த முகம் மாதிரிதான் இருக்கு. பேருதான் ஞாபகம் வரல. மூணு மாச நெல்லு பாக்கி இருக்கு, அதை அளந்து போட்டா ஒருவேளை வரும்.”

கேட்டீர்கள் அல்லவா, இதை நான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட, வருகிற மாதம் நானும் பென்ஷன் ஆபீஸுக்குப் போயாக வேண்டும்.