பதினோரு முறை கேட்ட ஆல்பம்

சென்னியப்பன் அந்த ஆல்பத்தைப் பதினோரு முறை கேட்டுவிட்டுத்தான் எழுதினார். மூன்று முறையோடு நிறுத்தியிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பார், அது வேறு விஷயம்.

மூன்று முறை என்பது மிருதுளா வைத்த சட்டம். ஈரோட்டில், பெருந்துறை சாலையில், ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது அவள் அறை. சினிமாவுக்குப் போகாத பாட்டு, கம்பெனி எதுவும் இல்லாமல் தாங்களே வெளியிடுகிறவர்களின் பாட்டு, கம்ப்யூட்டரிலும் கீபோர்டிலுமே நெய்த பாட்டு என்று வாரத்துக்கு நூறு ஆல்பமாவது அவளுக்கு வந்து சேரும். அதில் ஐந்தைப் பொறுக்கி வெள்ளிக்கிழமை காலையில் நாலாயிரம் பேருக்கு அனுப்புவாள். ஆல்பத்துக்கு ஐந்து வரி. எழுதுகிறவர் அதை உட்கார்ந்து ஒருமுறை, நடந்துகொண்டு ஒருமுறை, பாத்திரம் கழுவிக்கொண்டு ஒருமுறை கேட்டிருக்க வேண்டும்.

"பாத்திரம் எதுக்குங்க டீச்சர்?" என்று முதல் நாளே கேட்டார் சென்னியப்பன்.

"கை வேலை பார்க்கறப்பவும் காது அங்கயே நின்னுச்சுன்னா, அதுல ஏதோ இருக்குங்ண்ணா."

அவளுக்கு இருபத்தொன்பது வயது. அவருக்கு ஐம்பத்திரண்டு. டீச்சர் என்று கூப்பிடாதீர்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். அவர் விடவில்லை.

இருபத்தேழு வருஷம் சென்னிமலையில் விசைத்தறி ஓட்டியவர். தறிகள் எடைக்குப் போனபிறகு மஞ்சள் குடோனில் ராக்காவல். தூக்கத்தை விரட்ட ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தபோது, எப்படியோ மிருதுளாவின் பட்டியல் கையில் விழுந்தது. முதலில் கேட்ட ஆல்பத்தில் வார்த்தையே இல்லை. கடகடவென்று ஒரு மெஷின் தாளம், அதற்குள் யாரோ முணுமுணுக்கிற மாதிரி ஒரு ராகம். சென்னியப்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபத்தேழு வருஷம் வெறும் இரைச்சல் என்று நினைத்திருந்ததற்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறதா என்று அன்றைக்கு அழக்கூடச் செய்தார். பஸ் ஏறி மிருதுளாவைத் தேடி வந்தது அடுத்த வாரம்.

மூன்று மாதம் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு கூடவே உட்கார்ந்து கேட்டார். பிறகு அவளே ஒரு ஆல்பத்தைக் கொடுத்து, "இதை நீங்க எழுதுங்க" என்றாள்.

தூத்துக்குடியிலிருந்து வந்த ஆல்பம் அது. ஜெபராணி என்கிற பெண்ணின் முதல் வெளியீடு. பெயர், 'எதிர்வீடு'. எட்டுத் துண்டுகள். அடியில் கீபோர்டின் நீண்ட ரீங்காரம், தண்ணீர் மோட்டார் ஓடுகிற தாளம், மேலே மொட்டைமாடியிலிருந்து ஒரு பெண்ணின் குரல்.

சென்னியப்பன் எழுதினார்:

"ஒருத்தி எதிர்வீட்டைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தண்ணீர் வந்ததா என்கிறாள், கடிதம் வந்ததா என்கிறாள். பதிலே வருவதில்லை. பதில் வரவேண்டிய இடத்தில் வெறும் காற்றை வைத்திருக்கிறார் ஜெபராணி. இந்த வாரம் ஒன்றே ஒன்றுதான் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள்."

மிருதுளாவுக்கு அந்த வாரம் காய்ச்சல். ஆல்பத்தைக் கேட்காமலே வரிகளைப் படித்தாள். கண் கலங்கியது. அப்படியே அனுப்பிவிட்டாள்.

பத்து மணிக்கெல்லாம் பதில்கள் வர ஆரம்பித்தன.

"அண்ணே, எந்த ஆல்பத்தைக் கேட்டீங்க?"

"பதிலே வராதாம்! எங்க வீட்டு ஸ்பீக்கர்ல பதில் சொல்ற அந்தம்மா வாயே மூடலை."

மத்தியானம் ஜெபராணியே எழுதியிருந்தாள்: "அண்ணாச்சி, கேள்வி கேட்கது எங்க அம்மா. பதில் சொல்லுதது எதிர்வீட்டுச் சித்தி. நீங்க எழுதுனதை வாசிச்சுக் காட்டுனதுலருந்து சித்தி முகத்தைத் தூக்கி வச்சிருக்கா. 'அம்புட்டுப் பேசுனேன், நான் இல்லவே இல்லைன்னுட்டாரே'ங்கா. நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க."

சனிக்கிழமை காலை சென்னியப்பன் படியேறி வந்தார். முகம் வாடியிருந்தது. வாங்கி வந்த டீயையும் ஹெட்போனையும் மேசைமேல் வைத்தார்.

"இது கெட்டுப்போச்சுங்க டீச்சர். வலது பக்கம் வேலை செய்யறதில்லையாட்ட இருக்குது. மானம் போயிருச்சு."

"மாட்டுங்க, பார்க்கலாம்."

மாட்டிக்கொண்டார். மிருதுளா முதல் துண்டை ஓடவிட்டாள்.

"என்ன கேட்குதுங்ண்ணா?"

"அந்தம்மாதான். 'ஏட்டி, தண்ணி வந்துட்டா?'ங்கறாங்க. அப்புறம் ஒண்ணுமில்லீங்க. காத்துதான்."

மிருதுளா அவர் தலையிலிருந்து ஹெட்போனை எடுத்தாள். இடது பக்கம் வலது காதுக்கும், வலது பக்கம் இடது காதுக்கும் வருகிற மாதிரி திருப்பி மாட்டினாள். மறுபடி ஓடவிட்டாள்.

"இப்ப?"

"அடடே, சித்தி வந்துட்டாங்க! 'வந்தா சொல்லமாட்டனா, அதுக்குள்ள என்ன கூப்பாடு?'ங்கறாங்க." சென்னியப்பன் சிரித்தார். "ஆனா இப்ப கேள்வியக் காணோமுங்க. பார்த்தீங்ளா, நான் சொன்னனில்ல, இந்த மெஷின்ல ஒரு பக்கம்..."

பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

ஹெட்போனின் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது, ஒன்றில் அம்மா, மற்றதில் சித்தி. எப்படி மாட்டினாலும் இடது காதில்தான் விழுகிறது.

மிருதுளா பாட்டை நிறுத்தினாள். கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது.

சென்னியப்பன் ஹெட்போனைக் கழற்றி, வலது காதை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். போனை எப்போதும் இடது காதில் வைக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சாப்பிடும்போது தன் வலப்பக்கம் உட்கார்ந்துவந்த சம்சாரம், நாலைந்து வருஷமாக இடப்பக்கம் மாறி உட்காருவதும் உறைத்தது. அவள் ஏன் என்று சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

"நாலாவது தறி இந்தக் காதுப் பக்கந்தானுங்க இருந்தது," என்றார்.

ஹெட்போன் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"நான் வர்றனுங்க டீச்சர். வேற ஆளைப் பாருங்க."

"எங்க போறீங்க?"

"பாதிக் காதை வெச்சுட்டு ஊருக்கு எதைக் கேளு, எதைக் கேட்காதேன்னு சொல்ல எனக்கு என்னங்க யோக்கியதை? ஒரு மனுசி எட்டுப் பாட்டுலயும் பேசியிருக்கறாங்க. நான் ஆளே இல்லைன்னு எழுதிட்டேன்."

"நான் ரெண்டு காதையும் வெச்சுட்டுக் கேட்காமயே அனுப்புனேன். நானும் போறனா?"

"ஏனுங்க, வெளையாடறீங்களா?"

"உட்காருங்ண்ணா. டீ ஆறுது."

உட்கார்ந்தார். பழகிய பழக்கத்தில் உட்கார்ந்தார்.

மிருதுளா அவர் போனை வாங்கினாள். ஏதோ ஒன்றைத் தேடி அழுத்தினாள்.

"இதுக்கு மோனோன்னு பேரு. ரெண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒண்ணாக் கலந்து கொடுத்துரும். எந்தக் காதுல கேட்டாலும் எல்லாம் வரும்."

"இது முன்னயே இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு."

சென்னியப்பன் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். முதல் துண்டு முடிவதற்குள் உதடு விரிந்தது.

"ரெண்டு பேரும் வந்துட்டாங்க. சித்தி பலே வாயாடியா இருக்கறாங்க டீச்சர். இந்தம்மாளைப் போயி இல்லைன்னு எழுதினனே!"

மிருதுளாவும் சிரித்தாள். அவர் பாட்டை நிறுத்தவில்லை. இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது துண்டில் சிரிப்பு நின்றது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்து எதையோ தேடினார். எட்டும் முடிந்தபிறகு கழற்றினார்.

"என்னங்ண்ணா?"

"எல்லாம் வருதுங்க. ஒரு வார்த்தை விடாம வருது." தயங்கினார். "ஆனா ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குள்ள நின்னு பேசறாப்பல இருக்குதுங்க. நடுவால ஒரு தெரு இருந்திருக்கோணுமில்லீங்களா? அந்தப் பொண்ணு அதையுந்தானே பதிவு பண்ணியிருக்கும்? அது எனக்கு இல்லீங்க டீச்சர். அதை இந்த மெஷின் தராது."

மிருதுளா ஒரு தாளை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். பேனாவையும் வைத்தாள்.

"நேத்து நூத்திப் பன்னெண்டு பேர் எழுதியிருந்தாங்க. சித்தி பேசறாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. நடுவுல தெரு இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலை. நீங்க அதை எழுதுங்ண்ணா."