முள்ளனின் பைகளும் மினுக்கனின் குவியலும்

காட்டுக் குட்டையோரம் ஒரு மான்குட்டி செத்துக் கிடந்தது. சாலையில் போகிறவர்கள் வீசிய பாலித்தீன் பையைத் தின்றிருந்தது, பாவம்! எல்லா மிருகங்களும் அழுதன. அழுதுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டன.

முள்ளன் என்ற முள்ளம்பன்றிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. சிதறிக் கிடந்த பைகளின் மேல் புரண்டது. பைகள் முட்களில் குத்திக்கொண்டன. அப்படியே நடந்துபோய், சாலையோரக் குப்பைத்தொட்டியில் உதறிவிட்டு வந்தது.

"என்னப்பா இது கோலம்?" என்று சிரித்தது குரங்கு.

"சிரிச்சது போதும். நீயும் ரெண்டு பையை எடுத்துக்கிட்டு வா!" என்றது முள்ளன்.

குரங்கும் ரெண்டு பையை எடுத்துக்கொண்டு போயிற்று. பிறகு முயல், நரி, கரடி! தண்ணீர் குடிக்க வந்தால் ஆளுக்கொரு பை எடுத்துப் போவது காட்டின் வழக்கமாகிவிட்டது. குட்டை பளிச்சென்று ஆனது. மான்கள் குட்டிகளைப் பயமில்லாமல் மேயவிட்டன.

மினுக்கன் என்ற மயிலுக்குத்தான் வயிறு எரிந்தது. முன்பெல்லாம் அது தோகை விரித்தால் காடே கூடும். இப்போது ஈ காக்காய்கூட இல்லை!

"குப்பை சுமக்கிற மூஞ்சிக்கு இவ்வளவு மவுசா? ஒரே நாள்ல இவனைத் தூக்கிச் சாப்பிடுறேன் பார்!" என்றது மனைவியிடம்.

"நம்ம குஞ்சு வளர்ற இடம் சுத்தமானா உங்களுக்கு என்ன வந்தது?"

"நீ சும்மா இரு!"

ஆனால் பொறுக்குவதற்குக் காட்டில் பை ஏது? மினுக்கன் என்ன செய்தது தெரியுமா? உச்சிவெயிலில் எல்லோரும் கண்ணயர்ந்த நேரம், அந்தக் குப்பைத்தொட்டிக்கே போனது. மற்றவர்கள் போட்டிருந்த பைகளைக் கவ்விக் கவ்வித் திரும்பக் கொண்டுவந்தது! குட்டைக்கரையில் கரடி உயரத்துக்குக் குவித்தது.

"எல்லாரும் வாங்க! இவ்வளவும் நான் ஒருத்தனே பொறுக்கினேன்! இனிமே நான்தான் தலைவர்!"

கூட்டம் வாயைப் பிளந்தது. முள்ளன் பதறியது. "நீங்களே தலைவரா இருங்கண்ணே! காத்து கிளம்புது, முதல்ல இதைத் தொட்டியில சேர்ப்போம்!"

"பார்த்தீங்களா பொறாமையை! எல்லாரும் பார்த்து முடிக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது!"

காற்று சுழன்றடித்தது. பைகள் குட்டையிலும் புல்லிலும் போய் விழுந்தன. எல்லோரும் ஓடியோடிப் பொறுக்கினார்கள். அதற்குள் பெண்மயில் அலறியது. "ஐயோ, என் குஞ்சு!"

குஞ்சின் தொண்டையில் பைக்கிழிசல் அடைத்திருந்தது. முள்ளன் ஓடிவந்து இழுத்துப் பார்த்தது. ஆனால் மூச்சு நின்றுவிட்டது.

காடே மினுக்கனைச் சுற்றி நின்றது. எல்லோர் கண்ணும் அதன் மேல்தான் இருந்தது. அது தலையைத் தூக்கவே இல்லை.

ஊருக்கு நல்லது நடக்கும்போது பெயர் யாருக்கு என்று பொறாமைப்படுகிறவர், அந்த நல்லதையும் கெடுத்துத் தம் வீட்டையும் கெடுத்துக்கொள்வார்.