ஐந்தாவது கிண்ணம்

கென்ஷூவுக்கு அறுபது வயது. மலைமேல் இருந்த மடத்தில் இருபது வருடங்களாக எல்லா வேலையும் அவர் தலையில்தான் விடிந்தது. கூரை ஒழுகினால் கென்ஷூ. அரிசி தீர்ந்தால் கென்ஷூ. இரண்டு துறவிகள் சண்டை போட்டுக்கொண்டால் விலக்கிவிடவும் கென்ஷூ. மனிதர் எதற்கும் முகம் சுளித்ததில்லை. சுளிக்க நேரம் கிடைத்தால்தானே.

ஒருநாள் காலை, தண்ணீர் எடுக்கப் போனவர் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார். வாளி பக்கத்தில் கிடந்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை. துறவே வேண்டாம், எங்காவது போய்விடலாம் என்று தோன்றியது.

அன்று பிற்பகலே குருவிடம் சொல்லிக்கொள்ளக் கிளம்பினார். மலையடிவாரத்தில் இருந்த மியோஎன் அம்மையார்தான் அவருடைய குரு. வயதில் இவரைவிடப் பதினைந்து வருடம் இளையவர்.

மடத்து வாசலில் ஒரு துறவி பார்த்துவிட்டார். “கீழேதான் போகிறீர்களா? வரும்போது உப்பு வாங்கி வந்துவிடுங்கள்.”

துறவையே விடப் போகிற மனிதர், “சரி” என்றார்.

அம்மையார் முன்னால் போய் உட்கார்ந்தார்.

“ஓய்ந்துபோய்விட்டேன், அம்மா. இந்த வேலைக்கெல்லாம் முடிவே கிடையாதா?”

“தேநீர்ச் சடங்கில் விருந்தாளியாக இருந்திருக்கிறீர்களா?”

“தண்ணீர் சுமந்து கொடுத்திருக்கிறேன். உட்கார்ந்ததில்லை.”

“இன்று உட்காருங்கள்.”

தேநீர் அறையின் நுழைவாசல் சிறியது. யாராக இருந்தாலும் தவழ்ந்துதான் போக வேண்டும். கென்ஷூவும் முக்கி முனகி உள்ளே போய் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

அம்மையார் பச்சைத் தேயிலைத் தூளைக் கிண்ணத்தில் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூங்கில் மத்தால் நுரைக்க அடித்து அவர் முன் வைத்தார். கென்ஷூ குடித்தார். கசந்தாலும் களைப்புக்கு இதமாக இருந்தது.

காலிக் கிண்ணத்தை அம்மையார் கழுவித் துடைத்தார். மறுபடி தேநீர் போட்டு வைத்தார். கென்ஷூ அதையும் குடித்தார். மூன்றாவது வந்தது. குரு கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா? குடித்தார். நான்காவதை மடக்கு மடக்காகத்தான் இறக்க முடிந்தது. கால் இரண்டும் மரத்துப்போயின. இங்கேயும் நமக்கு விடிவு இல்லை என்று உள்ளுக்குள் நொந்துகொண்டார்.

ஐந்தாவது கிண்ணத்துக்கு வெந்நீர் மொள்ளும்போது அம்மையார் அகப்பையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். நெற்றியெல்லாம் வியர்வை. அவரும் களைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் கென்ஷூவுக்கு உறைத்தது. பாவமாக இருந்தது. தன் கஷ்டம் மட்டும் என்றால் வாய் திறக்காமல் இன்னும் பத்துக் கிண்ணம் குடித்திருப்பார்.

“போதும், அம்மா. முடித்துக்கொள்ளுங்கள்.”

அம்மையார் உடனே அகப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“உங்களுக்கே முடியவில்லை. முன்னாலேயே நிறுத்தியிருக்கலாமே?”

“போட்டுக் கொடுப்பவர் நிறுத்தக் கூடாது. போதும் என்று விருந்தாளிதான் சொல்ல வேண்டும். இங்கே அதுதான் வழக்கம்.”

கென்ஷூவுக்குக் கோபமே வந்துவிட்டது. இருபது வருடங்களில் அவர் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான்.

“நீங்கள் வாய்திறந்து சொன்னால்தானே எனக்குத் தெரியும்?”

“ஆமாம்” என்றார் அம்மையார். “மடத்தில் இருப்பவர்களிடம் நீங்கள் சொல்லிவிட்டீர்களா?”